ஈச்சவயல் வழக்கம்

மனு கொடுத்த நாலாவது நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. இந்த வேகத்தைத்தான் அரசு ஊரெல்லாம் சுவர் சுவராக விளம்பரம் செய்திருந்தது. என்ன பதில் வரும் என்பதைப் பற்றி எந்தச் சுவரும் வாய் திறக்கவில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த தன் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஜெசிந்தா அந்தப் பதிலை உரக்கப் படித்தாள். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், உட்கார்ந்தும் உட்காராமலும், ஈச்சவயல் இருளாயி. ஐம்பது வயது இருக்கும். முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. யாரோடோ பாதிச் சண்டையில் எழுந்து வந்தவள் போல இருந்தாள்.

"மனுதாரர் இருளாயி, ஈச்சவயல் கிராமம். கண்மாய் நீர்பாய்ச்சிப் பணியைத் திரும்பக் கோரும் மனு பரிசீலிக்கப்பட்டது. மேற்படி கிராமத்தில் கண்மாய் நிறைந்த நாளிலிருந்து நாற்பத்தெட்டு நாட்கள் பெண்கள்..."

ஜெசிந்தாவின் குரல் அங்கேயே நின்றுவிட்டது.

"பொம்பளைக? மேல படி தங்கச்சி."

"...பெண்கள் கரை ஏறுவதில்லை என்னும் தொன்றுதொட்ட வழக்கம் ஒன்பதாயிரத்து நானூறு பதிவுகளால் உறுதியாகிறது. வழக்கத்தில் தலையிட இயலாது. மனு தள்ளுபடி."

முன்பெல்லாம் மனுவை ஓர் எழுத்தர் படிப்பார், படிக்காமலும் இருப்பார். அவரைப் போய்ப் பார்க்கலாம், கெஞ்சலாம், திட்டலாம். இப்போது மென்பொருள் படிக்கிறது. இணையத்தில் இருப்பதையெல்லாம் ஒரு புரட்டுப் புரட்டி, அதிகமான கட்டுரைகள் எதைச் சொல்கின்றனவோ அதையே உண்மை என்று எடுத்துக்கொண்டு தீர்ப்பும் எழுதிவிடுகிறது. அந்தக் கட்டுரைகளை எழுதியதும் மென்பொருள்கள்தாம் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

"பதினாலு வருசமா நாந்தேன் மடை தொறக்குறேன்," என்றாள் இருளாயி. "எம்புருசன் செத்த மறுவாரத்துலேருந்து. எந்த வயலுக்கு எம்புட்டு நேரம், எந்த வரப்பு ஒழுகும், எல்லாம் எனக்கு அத்துப்படி. போன வருசம் கண்மா நெறஞ்சப்பக்கூட ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. இந்த ஆடியில யாரோ போன்ல படிச்சாகளாம். நம்ம ஊருக்கு இப்பேர்ப்பட்ட மரபு இருக்கு, நாமதேன் மறந்துபுட்டோம்னு போர்டு வச்சிட்டாக. மூணு நாளைக்கு முன்னால கண்மா நெறஞ்சுச்சு. அன்னைக்கே என்னைய எறக்கி விட்டுட்டு, தலைவரு தன் மச்சினன் தவசிய ஏத்திவிட்டாரு. அவன் தலைமடைக்காரவுகளுக்கு மட்டும் தண்ணி விடுறான். எங்க கடைமடை நாப்பது ஏக்கர் நட்ட பயிரோட காயுது. நெறஞ்ச கண்மாய்க்குக் கீழ காயுது தங்கச்சி."

ஜெசிந்தா திரையை மறுபடி பார்த்தாள். நாற்பத்தெட்டு நாட்கள். கரை ஏறுவதில்லை. அந்த வாக்கியத்தை அவளுக்குத் தெரியும். ஏனென்றால் அதை எழுதியவள் அவள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மதுரையில் ஒரு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. தமிழ்நாட்டின் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு கட்டுரை தயாரிப்பதுதான் தொழில். கட்டுரைகளை மென்பொருள் எழுதும். அதற்கு அலுவலகத்தில் வைத்த பெயர் நிரப்பி. கட்டுரையின் ஓரத்தில் விளம்பரம் ஓட வேண்டும், அதற்காகக் கட்டுரை வேண்டும், அவ்வளவுதான். நிரப்பி எழுதி முடித்த மறுநாளே வேறு நிறுவனங்களின் நிரப்பிகள் வந்து அப்படியே அள்ளிக்கொண்டு போய், வார்த்தைகளை மாற்றிப்போட்டுத் தங்கள் கட்டுரை என்று வெளியிட்டுவிடும். திருட்டைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கு அலுவலகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. நூறு கட்டுரைக்கு ஒன்றில், சரிபார்ப்பவர் தன் கையால் ஒரு பொய்யைச் செருகி வைக்க வேண்டும். அதற்குப் பெயர் கண்ணி. அந்தப் பொய் வேறு எங்கேயாவது தலைகாட்டினால் திருடன் அவன்தான்.

யாருக்கும் வலிக்காத பொய்யாக இருக்க வேண்டும், யாரும் போகாத ஊராக இருக்க வேண்டும் என்பது விதி. ஜெசிந்தா பட்டியலில் விரலை ஓட்டி ஈச்சவயலில் நிறுத்தினாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். ஒரே ஒரு வரி. எழுதிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

பிறகு நிறுவனம் மூடப்பட்டது. பொய் மட்டும் ஊர் சுற்றப் போயிற்று. ஒரு நிரப்பி அதற்குக் காரணம் கண்டுபிடித்தது. இன்னொன்று ஒரு மன்னனைச் சேர்த்தது. மூன்றாவது, கரையில் உயிர் விட்ட ஒரு கன்னிப்பெண்ணைச் சேர்த்தது. ஒன்றை ஒன்று சாட்சிக்கு இழுத்துக்கொண்டு ஒன்பதாயிரத்து நானூறாகப் பெருகி நின்றன.

"என்ன தங்கச்சி, பேயறஞ்ச மாதிரி இருக்க?"

"சரிபண்ணிடலாம் அக்கா. ஒரு நிமிஷம் இருங்க."

அவள் அவசரமாகத் திருத்தக் கோரிக்கைப் பக்கத்தைத் திறந்து தட்டினாள். ஈச்சவயலில் அப்படி ஒரு வழக்கம் இல்லை, அது கற்பனை. உடனே திரையில் கேள்வி வந்தது. ஆதாரம்? அந்த வரியை முதன்முதலில் எழுதியது நான்தான், என்று தட்டினாள். தன் பெயர், பழைய நிறுவனத்தின் பெயர், வேலை பார்த்த ஆண்டு, எல்லாவற்றையும் கொடுத்தாள்.

மென்பொருள் சற்று நேரம் சுழன்றது. பிறகு பணிவாகப் பதில் சொன்னது. தங்கள் விவரங்கள் சரிபார்க்கப்பட்டன. ஈச்சவயல் வழக்கத்தை முதன்முதலில் பதிவு செய்த ஆய்வாளர் தாங்களே என்பது ஏற்கப்பட்டு, எல்லாப் பதிவுகளிலும் தங்கள் பெயர் சேர்க்கப்படுகிறது. தங்கள் பணிக்கு நன்றி.

ஜெசிந்தா பதறிப்போய் மறுபடி தட்டினாள். நான் ஆய்வாளர் இல்லை, பொய் சொன்னேன். ஒரு தனிநபரின் கூற்று ஒன்பதாயிரத்து நானூற்று ஒரு பதிவுகளுக்கு முரணாக இருப்பதால் ஏற்க இயலவில்லை, என்றது அது. கூடுதலாக இருந்த அந்த ஒன்று, அவளே சற்று முன் கொடுத்தது.

இனி மறைத்துப் பயனில்லை. நாற்காலியைத் திருப்பி இருளாயியைப் பார்த்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். நிரப்பி, கண்ணி, பட்டியல், மதியச் சாப்பாடு. இருளாயி கடைசி வரை கேட்டாள்.

"அத எழுத எம்புட்டு நேரம் ஆச்சு?"

"ஒரு நிமிஷம்கூட ஆகல அக்கா."

"சரி. பொய்தேன் எழுதணும்னா ஆயிரம் பொய் இருக்கே. ஆம்பளைக ஏறக் கூடாதுன்னு எழுதியிருக்கலாம்ல? ஏன் பொம்பளைகன்னு எழுதுன?"

ஜெசிந்தாவிடம் இதற்குப் பதில் இருந்தது. 

"ஆம்பளைன்னு எழுதுனா யாரும் நம்ப மாட்டாங்க அக்கா. பொம்பளைன்னு எழுதுனாத்தான் நிஜம் மாதிரி இருக்கும்னு தோணுச்சு."

இருளாயி நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தாள். அடித்துவிடுவாள் என்றுதான் ஜெசிந்தா நினைத்தாள். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இங்க எங்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? நாளைக்கு ஊருக்கு வா. ஊர் கூடுற மந்தையில வச்சுச் சொல்லு," என்று சொல்லிவிட்டு இருளாயி எழுந்து போனாள்.

மறுநாள் காலை ஜெசிந்தா கடையைப் பூட்டிவிட்டு ஈச்சவயல் பேருந்தில் ஏறினாள். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். கையைக் காலை முறித்தாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இப்படியெல்லாம் தயாராகிப் போனவளுக்கு, மந்தையில் இறங்கியதும் பொன்னாடை போர்த்தினார்கள்.

போர்த்தியவர் ஊராட்சித் தலைவர் பூமிநாதன். வெள்ளைச் சட்டையும் சிரித்த முகமுமாக இருந்தார். கையில் இருந்த போனில் ஜெசிந்தாவின் பெயர் தெரிந்தது.

"நீங்க வர்றதா இருளாயி சொல்லுச்சு. ராத்திரிதான் பாத்தோம்மா. நம்ம ஊர் மரபக் கண்டுபுடிச்சதே நீங்கதானாம்ல. வெளிநாட்டுல இருக்க நம்ம பயலுக எல்லாம் பகிர்ந்துக்கிட்டு இருக்காங்க."

ஜெசிந்தா பொன்னாடையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். கூட்டத்தின் ஓரத்தில் இருளாயி நின்றிருந்தாள்.

"நான் ஒண்ணும் கண்டுபுடிக்கல. அது பொய். நான் இட்டுக்கட்டுனது. இந்த ஊருக்கு நான் இன்னைக்குத்தான் முதல் தடவையா வர்றேன். மதுரையில ஏசி ரூம்ல உக்காந்து எழுதுனேன். மன்னனும் கிடையாது, கன்னிப்பொண்ணும் கிடையாது. இருளாயி அக்காவை மடைக்குத் திரும்ப அனுப்புங்க."

கூட்டம் சலசலத்தது. கூட்டத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து, தன் அப்பத்தா இந்த நாட்களில் கரைப் பக்கமே போகாது என்றும் அது தனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்றும் சொன்னார். இந்த ஆடிக்கு முன்னால் அவருக்கு அப்படி ஒரு நினைவு இருந்ததாக யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. ஜெசிந்தாவை உலுக்கியது அதுதான்.

பூமிநாதன் மட்டும் அசையவில்லை. நிதானமாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, ஒரு கேள்வி கேட்டார்.

"தமிழ்நாட்டுல எத்தனை ஊரும்மா?"

"பல ஆயிரம்."

"அதுல எங்க ஊர்ல ஏன் உங்க விரல் நின்னுச்சு?"

"சும்மா. தற்செயலா."

"அதான். எங்க அய்யனாரு நிறுத்திருக்காரு. ஊருக்கு மறந்துபோனத உங்க கையால எழுத வச்சிருக்காரு. நீங்க பொய்னு நெனச்சு எழுதுனீங்க, அவரு நெசத்த எழுதிக்கிட்டாரு." அவர் பொன்னாடையை எடுத்து மறுபடியும் அவள் தோளில் போட்டார். "தவசிதான் மடையில இருப்பான். அதுல மாத்தமில்ல."

சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இப்படி ஒரு வாதத்தை எந்த நிரப்பியாலும் எழுத முடியாது. ஜெசிந்தாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒன்பதாயிரம் கட்டுரைகளோடு மோதலாம். சாமி தன் கையைப் பிடித்து எழுதினார் என்பவர்களிடம் என்னத்தைச் சொல்வது.

பேருந்துக்கு நிற்கும்போது இருளாயி பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ சொல்லிப் பாத்துட்ட. அந்த மட்டும் சந்தோசம்," என்றாள். "இனிமே சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

"அப்ப என்னக்கா பண்றது?"

"மடை தொறக்கணும். எனக்குத் தெரிஞ்சது அதுதானே."

அடுத்த நாலு நாளும் இருளாயி தினமும் தலைவர் வீட்டு வாசலுக்குப் போய்க் கடைமடைக்குத் தண்ணீர் கேட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்றார்கள். நட்ட நாற்று நுனி கருக ஆரம்பித்தது. கண்மாய் நிறைந்த ஒன்பதாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு அவள் கரை ஏறினாள். ஒளிந்து மறைந்து போகவில்லை. வெட்டவெளியில், ஊர் பார்க்க, மந்தை வழியாக நடந்தாள். பின்னால் கடைமடைப் பெண்கள் ஆறு பேர். அவர்களோடு ஜெசிந்தா.

கரையின் தொடக்கத்தில் அந்தப் போர்டு நின்றது. பச்சை வண்ணத்தில், தங்க எழுத்தில், ஜெசிந்தாவின் வாக்கியம். அதற்கு முன்னால் பூமிநாதனும் பத்துப் பதினைந்து ஆண்களும் நின்றார்கள்.

"ஏறாத இருளாயி. சாமி குத்தமாயிரும்."

"சாமிக்கு என்னையத் தெரியும் தலைவரே. பதினாலு வருசமாப் பாத்துக்கிட்டுத்தேன் இருக்கு."

அவரைத் தொடாமல், அவருக்கும் போர்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நுழைந்து அவள் போய்விட்டாள். பின்னால் ஏழு பேரும் அதே வழியாகப் போனார்கள். கை வைத்துத் தடுக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. பெண்களைத் தொட்டுத் தடுப்பது பற்றி மரபில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இளவட்டங்கள் எல்லாரும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

மடையில் தவசி ஷட்டரின் இரும்புத் திருகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"தள்ளு தவசி. நீ திருகுற திருகுல மரை போயிரும்."

அவனுக்கு இதற்காகவே காத்திருந்த மாதிரி ஒரு நிம்மதி. தள்ளிக்கொண்டான். இருளாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, திருகைப் பாதிச் சுற்று பின்னால் விட்டு, பிறகு முன்னால் சுற்றினாள். கடைமடை வாய்க்காலில் தண்ணீர் இறங்கியது. வானம் இடியவில்லை, கரை உடையவில்லை. கீழே வரப்பில் நின்ற ஒரு பெண் சத்தம் போட்டு அழுதாள்.

இருளாயி மாலை வரைக்கும் இருந்து நாற்பது ஏக்கரும் நனைந்த பிறகுதான் இறங்கினாள். மறுநாள் பூமிநாதன் மடையைப் பூட்டிவிட்டு, வழக்கத்தை மீறினாள் என்று அவள்மேல் புகார் கொடுத்தார். அவளுக்கு நோட்டீஸ் வந்தது. பன்னிரண்டாம் நாள் அவள் அதை மடித்து எடுத்துக்கொண்டு ஜெசிந்தாவின் கடைக்கு வந்தாள். ஜெசிந்தா பதில் மனுவைத் தட்டி அனுப்பினாள். நாலே நிமிடம்.

தீர்ப்பைப் படிக்கப் படிக்க ஜெசிந்தாவின் முகம் மலர்ந்தது.

"ஜெயிச்சிட்டோம்க்கா. புகார் தள்ளுபடி."

"என்னன்னு போட்டிருக்கு? முழுசாப் படி."

"புதிதாகக் கிடைத்துள்ள இரண்டாயிரத்து நூறு பதிவுகளின்படி, ஈச்சவயலில் கண்மாய் நிறைந்த ஒன்பதாம் நாள், பெண்கள் எண்மர் கரை ஏறி மடை திறக்கும் சடங்கு பல நூற்றாண்டுகளாக நடைபெறுகிறது. காவலன் வேடம் தரித்த ஆண் ஒருவரைத் தள்ளிப் போகச் சொல்வது சடங்கின் ஒரு பகுதியாகும். ஆகவே ஒன்பதாம் நாள் மடை திறக்கும் உரிமை மனுதாரர் இருளாயிக்குப் பரம்பரையாக உண்டு." ஜெசிந்தாவின் குரல் தேய்ந்தது. "மற்ற நாட்களில் விலக்கு தொடரும்."

யாரோ ஏற்றிய படத்தை ஒரு நிரப்பி பார்த்திருக்கிறது. மூன்றே நாளில் அதற்கு நூற்றாண்டுகள் முளைத்துவிட்டன.

"தலைவரு நேத்தே வந்து சொன்னாரு," என்றாள் இருளாயி. "வருசா வருசம் ஒம்பதாம் நாளு விழா எடுப்போம், முதல் மரியாதை உனக்குத்தேன், பட்டுச்சேலை எடுத்துத் தாறேன்னாரு. என்னடா இப்படிக் குழையிறாருன்னு பாத்தேன். இதுதேன் சங்கதியா."

"அக்கா, ஒரு வழி இருக்கு." ஜெசிந்தா விசைப்பலகையைக் கிட்டே இழுத்தாள். "எனக்கு இந்த வேலை தெரியும். ஒரே ஒரு வரி. நாற்பத்தெட்டு நாளும் பெண்களே மடை திறப்பார்கள், ஆண்கள் திருகைத் தொடுவதில்லைன்னு எழுதி நாலு எடத்துல போட்டா, ஒரு வாரத்துல இதுங்க எல்லாம் சேர்ந்து அதையே உண்மையாக்கிடும். தீர்ப்பும் மாறிடும்."

விரல்கள் அதற்குள் பாதி வரியைத் தட்டிவிட்டன. இருளாயி எட்டி, சேறு படிந்த உள்ளங்கையை விசைப்பலகை மேல் வைத்து அழுத்தினாள். திரையில் எழுத்துகள் தாறுமாறாக ஓடின.

"நீ ஒருக்கா எழுதுனதுக்கே நாங்க பட்டது போதாதா? இன்னைக்கு நீ எனக்குச் சாதகமா எழுதுவ. நாளைக்கு எவளோ ஒருத்தி சோத்துக்கு நேரமாச்சுன்னு வேற ஒண்ணு எழுதுவா. பொறவு நான் அவ வாயப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

ஜெசிந்தா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கூனிக் குறுகிப் போனாள். இத்தனைக்குப் பிறகும் தன் கை அங்கேதான் போகிறது என்பது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"பெயிண்ட் கடை எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டாள் இருளாயி.

பதின்மூன்றாம் நாள் காலை இருவரும் மந்தை வழியாக நடந்தார்கள். இந்த முறை கூட வந்தவர்கள் மூன்று பேர்தான். மற்றவர்களுக்குக் களையெடுக்கும் வேலை இருந்தது. கரையின் தொடக்கத்தில் ஜெசிந்தா கறுப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்து, பட்டையான தூரிகையால் தன் வாக்கியத்தின் மேல் இழுத்தாள். முதல் இழுப்பில் தங்க எழுத்துகள் பல்லிளித்தன. மூன்றாவதில் மறைந்தன. கீழே மிச்சமிருந்த பச்சையில், கோணல்மாணலாக, இது பொய், எழுதியவள் ஜெசிந்தா, நம்பாதவர்கள் என்னை வந்து கேட்கலாம் என்று எழுதிக் கடை விலாசத்தையும் போட்டாள்.  

இதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. போன்கள் மறுபடியும் உயர்ந்தன. பூமிநாதன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். போர்டைப் பார்த்தார். மடை மேல் ஏறி, பூட்டை ஒரு கல்லால் தட்டி எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்ற இருளாயியைப் பார்த்தார். கோபத்தைவிட அவர் முகத்தில் குழப்பம்தான் அதிகம்.

"ஒன்பதாம் நாள் முடிஞ்சுபோச்சே இருளாயி. கோர்ட்டே குடுத்த மாதிரி ஒரு உரிமையக் குடுத்தும் இப்படிப் பண்ணுறியே. இன்னைக்கு நீ ஏறுறதுக்கு என்ன வழக்கம் இருக்கு?"

இருளாயி திருகில் கை வைத்தபடி, அவரையும் அவருக்குப் பின்னால் உயர்ந்திருந்த அத்தனை போன்களையும் பார்த்துச் சொன்னாள்.

"வழக்கமெல்லாம் ஒண்ணுமில்ல தலைவரே. வேல இருக்கு."

சொல்லிவிட்டுத் திருகைப் பாதிச் சுற்று பின்னால் விட்டாள்.